நாற்பத்தைந்து வயதின் மேல் சுமத்தப்படும் பாவம்

தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் ஜெபக்கூட்டத்தில் வாய் திறந்து, இரவில் தூக்கம் பிடிக்கவில்லை, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், முழங்காலில் நின்றால் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை என்று சொல்லி அழுதால், கூடியிருப்பவர்கள் முதலில் தேடுவது அவளுடைய ஆவிக்குரிய வாழ்க்கையில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதைத்தான். வேத வாசிப்பு ஒழுங்காக இருக்கிறதா, குடும்ப ஜெபம் நடக்கிறதா, யார் மேலாவது மன்னிக்காத கசப்பு இருக்கிறதா என்று கேள்விகள் வரும். பிறகு மூன்று நாள் உபவாசம், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம். சில இடங்களில் பேச்சு இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் ஏதோ கட்டு இருக்கிறது, எதிரி மனதில் போராடுகிறான் என்று முடியும். அவளுக்கு வயது என்ன, கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் அவள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அவளுக்காகத் தாங்களும் சேர்ந்து பட்டினி கிடக்கிறவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. மருத்துவத்தின்படி தவறு என்பது எளிதில் காட்டக்கூடியது. அது வேதத்தின்படியும் தவறு என்பதுதான் இங்கே முக்கியம். ஏனென்றால், இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வேதத்தின் பெயரால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் உடம்பு. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேற்கத்திய நாடுகளில் அது 51-ஐ ஒட்டி வருகிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பெரிமெனோபாஸ். அப்படியானால் நம் பெண்கள் பலருக்கு நாற்பதின் தொடக்கத்திலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, அது ஆரம்பமாகிவிடும். அந்த ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக, ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் முன்பைவிட அதிகமாக ஏறும், அடுத்த மாதம் சரிந்து விழும். ஆகவே ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியலாம். 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு இந்த நிலையை அறிகுறிகளைக் கேட்டே கண்டறிய வேண்டும், ஹார்மோன் பரிசோதனையை நம்பியிருக்கக் கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டதற்குக் காரணம் இதுதான்.

மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி உடம்பின் வெப்பத்தைக் காவல் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன் தள்ளாடும்போது அதன் பொறுமை குறைந்துபோகிறது. உடம்புச் சூடு இம்மியளவு ஏறினாலும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது, வியர்வையைக் கொட்டவைக்கிறது. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று அனல் ஏறும். நெஞ்சு படபடக்கும். சில நிமிடத்தில் அடங்கி, குளிரும். இரவு இரண்டு மணிக்கு ரவிக்கை நனைந்து விழித்துக்கொள்கிற பெண்ணுக்கு மறுபடி தூக்கம் வருவதில்லை. இப்படிப் பல மாதம் போனால் யாருடைய நாவும் கடுமையாகத்தான் ஆகும். 2024-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரிமெனோபாஸில் இருக்கும் பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, அந்தக் கட்டத்துக்கு இன்னும் வராதவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. எரிச்சல், அழுகை, மறதி, காரணமற்ற பயம் எல்லாம் இந்தப் பருவத்தில் வருகிறவை. விசுவாசிக்கும் வரும், அவிசுவாசிக்கும் வரும், போதகரின் மனைவிக்கும் வரும்.

இந்தப் பெண்கள் படுகிற பாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பல பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வெள்ளைச் சேலைதான் கட்டுவார்கள். தரையில் விரித்த பாயில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வயதில் உதிரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு, ஆராதனை நடுவில் கட்டிகட்டியாகப் போகும். ஆகவே அவள் பாயின் கடைசி ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கிறாள். துதி வேளையில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது அவள் எழுவதில்லை. கைப்பையில் இரண்டு நாப்கினும் ஒரு கறுப்புத் துண்டும் இருக்கும். சில வாரம் போகாமலே இருந்துவிடுகிறாள். சபையிலோ, அந்தம்மா முன்புபோல் இல்லை, பின்வாங்கிப்போய்விட்டார் என்று பேச்சு கிளம்புகிறது. ஒரு சேலையின் நிறமும் ஒரு கழிவறையின் தூரமும் சேர்ந்து உண்டாக்கிய பிரச்சினை இப்படித்தான் ஆவிக்குரிய வீழ்ச்சியாகப் பெயர் மாறுகிறது.

அதற்குச் சொல்லப்படும் பரிகாரம் நோயைக் கூட்டுகிறது என்பது அடுத்த கொடுமை. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-இல் எடுத்த கணக்குப்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள், மாதாமாதம் அளவுக்கு மீறி ரத்தம் இழக்கிறவள், மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தால் என்ன ஆகும்? தலைசுற்றும், நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். தூக்கமில்லாததுதான் அவளுடைய நோய். அவளிடமே முழு இரவு கண்விழித்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். மறுநாள் அவள் இன்னும் சிடுசிடுப்பாக இருந்தால், பிசாசு சீறுகிறான் என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது.

இனி வேதத்துக்கு வருவோம்.

மாதவிடாய் நிற்பதைப் பற்றி வேதாகமம் வெளிப்படையாகப் பேசுகிறது. ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். ஆபிரகாமும் சாராளும் வயது முதிர்ந்தவர்கள் என்று சொன்ன கையோடு, பெண்களுக்கு இயல்பாக உள்ளது சாராளுக்கு நின்றுவிட்டது என்றும் அந்த வசனம் சொல்லிவிடுகிறது. அதில் கூச்சம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. அவளுடைய விசுவாசம் குறைந்ததால் நின்றது என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. அடுத்த வசனத்தில் சாராள் தன் உடம்பு கிழடுபட்டுப் போனதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறாள். பிற்பாடு எபிரெயர் நிருபம் விசுவாச வீரர்களின் வரிசையில் அவளையும் சேர்க்கிறது. சாராளைப் பற்றி வருடத்துக்கு எத்தனை பிரசங்கங்கள் கேட்கிறோம்! அத்தனையும் அவள் சிரித்ததையும் ஈசாக்கு பிறந்ததையும் பற்றித்தான். அந்த 11-ஆம் வசனத்தின் பிற்பாதியில் நின்று, இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கும் இந்தப் பருவம் வரும், கர்த்தருடைய வார்த்தை அதை மறைக்கவில்லை என்று சொல்லும் மேடைகள் அரிது. வேதம் வாய்விட்டுச் சொன்னதைச் சபை விழுங்கிவிடுகிறது.

எலியாவின் கதை இன்னும் நேரடியானது. கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி, அதற்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடுகிறான். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாக வேண்டும் என்று கேட்கிறான். நம் ஜெபக்கூட்டங்களின் அளவுகோலால் அளந்தால் எலியா பின்வாங்கிப்போனவன்தான். தேவன் என்ன செய்தார்? தூதன் வந்து அவனைத் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், குடித்தான், மறுபடியும் படுத்துத் தூங்கினான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். பயணம் உனக்கு வெகுதூரம் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கண்டிப்பு இல்லை, பாவ அறிக்கை கேட்கவில்லை, உபவாசம் கேட்கவில்லை. கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் அவன் தூங்கி, சாப்பிட்டு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு. ஒரு தீர்க்கதரிசியின் சோர்ந்த உடம்புக்குச் சோறும் தூக்கமும் முதல் மருந்தாக இருந்தால், சபையில் அழுகிற பெண்ணுக்கு மட்டும் ஏன் பட்டினியும் விழிப்பும்?

முதலாம் சாமுவேலின் முதல் அதிகாரத்தில் ஒரு ஆசாரியன் வருகிறான். அன்னாள் ஆலயத்தில் மனங்கசந்து ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி அதட்டுகிறான். ஒரு பெண்ணின் வேதனையை அவளிடம் கேட்காமலே ஊழியக்காரன் ஒருவன் தவறாகக் கணித்ததற்கு வேதத்திலேயே இருக்கும் சாட்சி இது. அன்னாள் தன் நிலையை விளக்கினாள். ஏலியிடம் மெச்சத்தக்கது ஒன்று உண்டு: அவள் சொன்னதும் தன் கணிப்பை விட்டுவிட்டு, சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்தான். இன்றைய ஏலிகள் பலரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

யோபுவின் நண்பர்களையும் நினைக்க வேண்டும். உன்னிடம் பாவம் இருப்பதால்தான் உனக்கு இந்த வேதனை என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது எலிப்பாசின் மேலும் அவனுடைய இரண்டு நண்பர்கள் மேலும்தான். யோபுவின் மேல் அல்ல.

பெரும்பாடுள்ள ஸ்திரீயைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் கிடையாது. பன்னிரண்டு ஆண்டு ரத்தப்போக்கு. வைத்தியர்களிடம் போய்க் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தவள் என்று மாற்கு எழுதுகிறார். இந்த வரியை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, வைத்தியரால் ஆகவில்லை, இயேசுவால் ஆனது, ஆகவே மருந்தை விடுங்கள் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் உண்டு. கதை அப்படிச் சொல்லவில்லை. வைத்தியரிடம் போனதற்காக இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிணியாளிக்குத்தான் வைத்தியன் வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொன்னவரும் அவர்தான். இதே பெண்ணின் கதையை எழுதிய லூக்கா, வைத்தியன் என்றே கொலோசெயர் நிருபத்தில் அழைக்கப்படுகிறவர். இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. அன்றைய சட்டப்படி அவள் தீட்டானவள், கூட்டத்துக்குள் வரக் கூடாதவள். பயந்து, பின்னால் வந்து, வஸ்திரத்தைத் தொட்டாள். இயேசு நடையை நிறுத்தி, தொட்டது யார் என்று கேட்டு, அத்தனை பேர் முன்னால் அவளைப் பேசவைத்தார். மகளே என்று அழைத்தார். பெண்ணின் ரத்தப்போக்கைச் சபை நடுவில் சொல்லக்கூடிய விஷயமாக ஆக்கியவர் அவர். அவர் பெயரால் கூடுகிற இடத்தில் அது சொல்லத் தகாத விஷயமாக இருப்பதற்கு நியாயம் இல்லை.

இந்த வாதத்துக்கு இரண்டு பதில்கள் வருவது வழக்கம். இரண்டுமே மரியாதையாக எதிர்கொள்ள வேண்டியவை.

ஒன்று, யாக்கோபு நிருபம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது, செய்ய வேண்டும். மருத்துவரிடம் போகாதே என்று அங்கே எழுதியிருக்கவில்லை. எசேக்கியா சுவரின் பக்கம் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டார், பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார்; இன்னும் விசுவாசி என்று எழுதவில்லை. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரமோ மருத்துவரை மதிக்கச் சொல்லி, மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்று கற்பிக்கிறது.

ஜெபித்தேன், உடம்புச் சூடு நின்றது என்று சாட்சி சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சாட்சியை மற்றொரு பெண்ணை அடிக்கும் கோலாக எடுக்கக் கூடாது. அமெரிக்காவில் ஐந்து இனப்பிரிவுகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஸ்வான் ஆய்வு, அடிக்கடி வரும் அனல் வீச்சு நடுமட்டமாக 7.4 ஆண்டு நீடிக்கிறது என்று 2015-இல் சொன்னது. ஒருத்திக்கு இரண்டு ஆண்டில் அடங்கும், இன்னொருத்திக்குப் பத்தாண்டு ஆகும். ஹார்மோன் சிகிச்சை பற்றிய சோதனைகளை 2004-இல் தொகுத்த காக்ரேன் ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் அனல் வீச்சு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நாள் செல்லச் செல்லத் தானே தணிவதும், ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்ற நிம்மதியும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஜெபிக்கிற கைகள் தோளில் படும்போது ஒரு பெண்ணுக்கு உண்மையாகவே ஆறுதல் கிடைக்கிறது. அதே ஜெபத்துக்குப் பிறகும் அனல் நிற்காதவளின் விசுவாசம் சிறியது என்று சொல்ல அதில் எந்த ஆதாரமும் இல்லை. மூன்று தரம் வேண்டியும் முள் எடுபடாத பவுலின் விசுவாசத்தை யாரும் அளக்கப் போவதில்லை. டோனாவூரில் 1931-இல் விழுந்து அடிபட்டதிலிருந்து 1951-இல் கண்மூடும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றித் திருநெல்வேலிச் சீமையில் யாரும் அப்படிப் பேசத் துணியமாட்டார்கள்.

இரண்டாவது பதில் இன்னும் ஆழமாக வேரோடியது: இது பெண்ணுக்குத் தேவன் வைத்த பாடு, நம் அம்மாமார் எல்லாம் வாய் திறக்காமல் தாங்கினார்களே, இது சிலுவை, சுமக்க வேண்டும். இதே வாதம் ஒருமுறை பிரசவ வலிக்கும் சொல்லப்பட்டது. 1847-இல் எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கினார். வேதனையோடே பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லியிருக்கும்போது வலியைக் குறைப்பது தேவசித்தத்துக்கு விரோதம் என்ற ஆட்சேபத்துக்கு அவர் அந்த ஆண்டே ஒரு சிறு நூல் எழுதிப் பதில் சொன்னார். ஆதாமின் விலாவை எடுப்பதற்கு முன் தேவனே அவனுக்கு அயர்ந்த நித்திரை வரப்பண்ணினார் என்பது அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. 1853-இல் விக்டோரியா மகாராணி, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவி, தன் பிரசவத்தில் குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டார். இன்று எந்தப் போதகரும் சிசேரியன் அறையின் வாசலில் நின்று மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்வதில்லை. முப்பது வயதின் வலிக்குக் கிடைத்த விடுதலை நாற்பத்தைந்து வயதின் வேதனைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வாய் திறக்காமல் தாங்குவது பெண்ணுக்கு அழகு என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ் மண்ணில் ஒரே இரவில் கண்டவர் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870-இல் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் தங்க விருப்பமில்லாமல் இருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஓர் இரவு, அடுத்தடுத்து மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ அழைத்தார்கள். மருத்துவரான தன் தந்தையை அனுப்புவதாக அவர் சொன்னபோது, அந்நிய ஆண் தொடுவதைவிட அவள் சாகட்டும் என்ற நிலையில் மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அதை ஜெபத்தோடு முடித்துக்கொள்ளவில்லை. அமெரிக்கா போய் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அதிலிருந்து வளர்ந்தது. இந்த நாட்டில் கிறிஸ்தவ விசுவாசம் பெண்ணின் உடம்பைப் பார்த்துச் சொன்ன மிகப் பெரிய பதில் ஒரு மருத்துவமனை. அந்த மரபின் பிள்ளைகள், மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்வது தங்கள் சொந்த வரலாற்றையே மறந்த பேச்சு.

பழைய திருச்சபையின் பெண்களுக்கும் இந்தத் தெளிவு இருந்தது. அவிலா நகரத்துப் புனித தெரேசா 1577-இல் எழுதிய நூலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். மணிக்கணக்காக மெய்ம்மறந்து கிடந்தவள். பரவசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். தெரேசா அதை நம்பவில்லை. தவத்தைக் குறைத்து, தூங்கவைத்து, நன்றாகச் சாப்பிடவைத்தபோது அது தெளிந்துபோனது. ஆவிக்குரியது எது, உடம்புக்குரியது எது என்று பிரித்தறிவது அவருக்கு ஞானத்தின் பகுதி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஜெர்மன் மடத்துத் தலைவி ஹில்டெகார்டின் பெயரில் வழங்கும் மருத்துவ நூல், மாதவிலக்கையும் ஐம்பதை ஒட்டி அது நிற்பதையும் கூச்சமில்லாமல் பேசுகிறது. 2012-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநராக உயர்த்தியது.

மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. அதையும் விட்டுவைக்கக் கூடாது. சபையில் பேச முடியாத பெண் கடைசியில் மருத்துவரிடம் போகும்போது, மிகவும் தாமதமாக, மிகவும் பயந்துபோய்ப் போகிறாள். ரத்தம் அதிகம் போகிறதா, கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், பிள்ளைகள்தான் ஆயிற்றே என்ற பேச்சுக்கு எளிதில் தலையாட்டிவிடுகிறாள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களாக இருந்த செய்தி 2019-இல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுவை சிகிச்சை சிலருக்கு உயிர் காப்பது. பலருக்கு மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ போதும். இரண்டாவது கருத்துக் கேட்கும் தைரியம் அவளுக்கு வர வேண்டுமானால், முதலில் வீட்டிலும் சபையிலும் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயமும் பரவிக்கிடக்கிறது. அதன் தொடக்கம் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்ததாகக் கண்டார்கள். மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள், அறுபது வயதுக்குள் இருக்கும், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு நன்மையே பெரும்பாலும் மிஞ்சுகிறது என்பது இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலை. மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கும் ரத்தக்கட்டு உள்ளவருக்கும் அது பொருந்தாமல் போகலாம். அதை முடிவுசெய்ய வேண்டியது மருத்துவரும் அந்தப் பெண்ணும். தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளோடு வரும் என்பதால் அந்தப் பரிசோதனையும் வேண்டும்.

அப்படியானால் விசுவாசத்துக்கு இங்கே வேலையே இல்லையா? இதெல்லாம் ஹார்மோன், மாத்திரை போட்டால் சரியாகும், ஜெபத்தை விடுங்கள் என்கிறவர்களும் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இந்த வயதில் மாறுவது உடம்பு மட்டும் இல்லை. மகன் வேலைக்கு வெளியூர் போகிறான், மகளுக்குக் கல்யாணம் ஆகிறது, மாமியார் படுக்கையில் விழுகிறார், கண்ணாடியில் தெரியும் முகம் புதிதாக இருக்கிறது, இதுவரை யாருக்காக ஓடினோம் என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விகளுக்கு மாத்திரையில் பதில் கிடையாது. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் அத்தனை இருப்பது, தேவனிடம் முறையிடவும் கோபப்படவும் விசுவாசிக்கு இடமுண்டு என்பதால்தான். பெத்லகேமுக்குத் திரும்பி வந்த நகோமி, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்குக் கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம் சொன்னாள். யாரும் அவளை அடக்கவில்லை. நடுவயதில் புதிய அழைப்பு வருவதும் உண்டு. ஹில்டெகார்டு எழுது என்ற கட்டளையைப் பெற்றது 42 வயதும் ஏழு மாதமும் ஆனபோது என்று அவரே குறித்துவைத்திருக்கிறார். தெரேசா தன் முதல் சீர்திருத்த மடத்தை நிறுவியபோது அவருக்கு 47 வயது. இருவருமே நோயாளிகள். உடம்பின் பாட்டை ஒளிக்காமல் எழுதியவர்கள். முதிர்ந்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தீத்து நிருபம் சொல்கிறது. நம் கூட்டங்களில் அந்த வசனத்தைப் புருஷனுக்குக் கீழ்ப்படிவதற்கும் வீட்டை நடத்துவதற்கும் மட்டுமே எடுக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரி நாற்பத்திரண்டு வயதுக்காரியிடம், எனக்கும் இப்படித்தான் இருந்தது, பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன், டாக்டரிடம் போனேன் என்று சொல்வதும் அந்த வசனத்தின் நிறைவேற்றம்தான்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வாராவாரம் நடக்கிறது. பல சபைகளில் நர்ஸ்களும் மருத்துவர்களும் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு மணி நேரம் பேசவைப்பதற்குக் கமிட்டித் தீர்மானம்கூட வேண்டியதில்லை. ஆராதனையில் நாற்காலி கேட்கும் பெண்ணுக்கு நாற்காலி போடலாம், மின்விசிறியின் கீழ் இடம் கொடுக்கலாம், வெள்ளைச் சேலை கட்டாமல் வந்தால் ஏன் என்று கேட்காமல் இருக்கலாம். உபவாசம் அறிவிக்கும்போது, மருந்து எடுப்பவர்களும் ரத்தம் குறைந்தவர்களும் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள் என்று போதகர் மேடையிலேயே சொல்லலாம். தூக்கமில்லை, மனம் சோர்கிறது என்ற ஜெபக்குறிப்பு வந்தால், போதகரம்மா ஜெபித்து முடித்த கையோடு, வயது என்ன, மாதவிலக்கு எப்படி இருக்கிறது, யாரிடமாவது காட்டினீர்களா என்று தனியாகக் கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் தாமதத்துக்கே இடமில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம், அந்த நிலையில் பிடித்தால் குணப்படுத்தக்கூடியது. உபவாசம் முடியட்டும், கன்வென்ஷன் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவது அவளுடைய ஜெபக் குழுவின் வேலை.